எட்டு மாடங்கள்

வளைகுடாவில் வேலை செய்யும் நான் ரோலா நிறுத்தத்தில் ஏறிய பஸ் உம் அல் குவைன் தாண்டிச் சூடேறி நிற்கிறது. மாற்று பஸ் வர ஒரு மணி நேரமாவது ஆகுமாம். மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. நிழல் தேடிச் சாலையோர அகழாய்வுக் கொட்டகைக்குள் நுழைகிறேன்.

ரோமானியக் கண்ணாடித் துண்டுகள் கிடைத்த பழங்காலப் பண்ணை மாளிகையாம். தோண்டும் சீசன் முடிந்துவிட்டதால் தோண்டிய அறைகளை வெயிலும் காற்றும் அரிக்காமல் மறுபடி மணல் போட்டு மூடுகிறார்கள். மண்வெட்டியோடு நிற்கும் முத்துராசு சிவகங்கைக்காரர். என்னைப் பார்த்ததுமே, "தமிழாண்ணே?" என்கிறார்.

கடைசி அறையைக் காட்டுகிறார். சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாக எட்டுச் சிறு மாடங்கள்.

"ஸ்டோர் ரூம்னு ஆராய்ச்சிக்காரங்க எழுதிட்டாங்கண்ணே. இது ஸ்டோரே இல்ல, வேலையாளுங்க தங்குற கேம்ப்பு."

"எப்படிச் சொல்றீங்க?"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒரு மாடத்துக்கடியில் தலைவைத்துப் படுக்கிறார். அடுத்த மாடத்துக்கு முன்னால் அவர் தோள் சரியாக முடிகிறது.

"தலைமாட்டுல ஆளுக்கு ஒண்ணு. நம்ம ரூம்லயும் இப்படித்தான். போனு, மாத்திரை, சாமி படம் எல்லாம் அந்த ஒரு தட்டுலதான்."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். சிரிச்சாங்க. கலாஸ், அதோட முடிஞ்சுது."

எனக்கும் அங்கேயே படுத்துவிடலாம் போலிருக்கிறது. மேலே நிற்கும் ஃபோர்மேன், "யல்லா, யல்லா!" என்று அவசரப்படுத்திக் கத்துகிறார். முத்துராசு எழுந்து, முதுகு மணலைத் தட்டாமலே முன்பக்கத்துப் பெரிய கூடத்தை நோக்கி நடக்கிறார்.

"மொதல்ல மொதலாளி ரூம மூடுவோம்ணே. இந்த எட்டுப் பேரும் இன்னும் கொஞ்ச நேரம் காத்து வாங்கட்டும்."