ஜெபசுதா டீச்சர் சொல்லாமல் வைத்திருந்த இடம்

தெரிந்த ஓர் இடத்தை ஒருவர் எதற்காகத் தப்பாக எழுத வேண்டும்? ஜெபசுதா டீச்சரைப் பற்றிக் கேள்விப்பட்ட புதிதில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. முழுவதும் தெரிந்த பிறகு, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஜெபசுதாவுக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். கடல் என்பது அந்த வீட்டுக்கு வருஷத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பொருள். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் உதவிப் பேராசிரியராகி, பதினாறு வருஷமாக முத்துச் சிப்பியின் பின்னால் அலைந்தார். அறுபத்தொன்றாம் ஆண்டுக்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சிப்பிகள் கூட்டமாக ஒட்டி வாழும் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். எந்தப் பாரிலும் இனிச் சிப்பி இல்லை என்பதுதான் ஊர்ப் பேச்சு. ஒன்றாவது உயிரோடு இருக்கும் என்று ஜெபசுதா நினைத்தார்.

நினைப்பு மட்டும் போதாது. படகுக்கும் கருவிகளுக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் டெல்லி மனது வைக்க வேண்டும். எந்தத் துறை ஆய்வு நிதிக்கு அறிவிப்பு விட்டிருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் தேடுவார். தகுதி, வயது வரம்பு, கடைசி நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே செருகிவைப்பார். பிறகு முப்பது பக்க விண்ணப்பம், முதல்வர் கையெழுத்து, முத்திரை.

"டெல்லிக்காரன் பணம் தாரதுக்குள்ள உங்க சிப்பி பேரன் பேத்தி எடுத்துரும் மேடம்," என்பார் துறைத்தலைவர் டிக்சன்.

"எடுக்கட்டும் சார். அந்தப் பேரன் பேத்தியைத்தான நான் தேடுதேன்," என்பார் ஜெபசுதா.

விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டாவது முறை நிபுணர் குழு ஒரே வரிதான் எழுதியிருந்தது: உயிருள்ள சிப்பிக்கு முதற்கட்டச் சான்று இல்லை. அவர் விண்ணப்பித்தது பெண் ஆய்வாளர்களுக்கான திட்டம், அதற்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. ஜெபசுதாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

சான்று மனுவேலிடம் இருந்தது.

மனுவேல் தூத்துக்குடி கடலோரத்தில் திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார். கல்லூரிக்கும் அவ்வப்போது கடலடி உயிர்களை எடுத்துக் கொடுப்பார். உயிருள்ள பார் ஒன்று தனக்குத் தெரியும் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஜெபசுதா விடவில்லை. ஆறு மாதம் கெஞ்சிய பிறகு, ஒரு காலையில் மனுவேல் அவரை வள்ளத்தில் கூட்டிப்போனார்.

"செல்லை அணைச்சுத் தூக்குச்சட்டிக்குள்ள போடுங்க டீச்சர். அது இடத்தைப் பாத்துட்டே இருக்கும்."

"அணைச்சா எப்படிண்ணே பார்க்கும்?"

"பிசாசு கண்ணை மூடியிருந்தா தூங்குதுன்னா அர்த்தம்?"

வள்ளத்தின் பின்பக்கம் இஞ்சினில் ரெக்சன் இருந்தான். மனுவேலின் மனைவி பிளாரன்ஸுக்குத் தம்பி. குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தான். உடன்பிறந்தவள் தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. ஆனால் மச்சானுக்கும் பாரின் அடையாளம் தெரியாது. மனுவேல் கையைக் காட்டுவார், அவன் திருப்புவான். ஜெபசுதா இரண்டு முறை வாந்தி எடுத்தபோது, "அத்தான், டீச்சர் மீனுக்குத் தீனி போடுதாவ!" என்று பின்னாலிருந்து சிரித்தான். வேடிக்கை பார்க்க வந்த டீச்சர் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே, முன்பக்கம் மனுவேல் குனிந்து ஜெபசுதாவின் காதருகே சொன்னார். கரையில் ஒரு கோபுரமும் ஒரு புகைபோக்கியும் ஒன்றன்பின் ஒன்றாக நேராக வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு கட்டடங்கள் அதேபோல் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம்.

"எங்கயும் எழுதிராதிய. எழுதினா மறுநா நூறு வள்ளம் இங்கன நிக்கும், சுரண்டிட்டுப் போயிருவானுவ. ஆனா எனக்கு ஒண்ணுன்னா, இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒரு ஆளுக்காவது தெரியணும்லா."

எழுத மாட்டேன் என்று ஜெபசுதா வாக்குக் கொடுத்தார்.

அந்த ஜனவரியில், சான்றுக்குப் பத்துச் சிப்பி வேண்டும் என்று கேட்டார். உயிரோடு வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றார். மனுவேல் குரல் பதிவு அனுப்பினார்: "பத்துதான டீச்சர்? நாளைக்கு எடுத்துருவோம். காத்து கொஞ்சம் கூடுதல். பரவால்ல."

மறுநாள் வலைப் பை மேலே வந்தது. மனுவேல் வரவில்லை. ரெக்சன் இழுத்த குழாய் வெறுமனே வந்தது. அவனும் நங்கூரத்தைத் தூக்கிவிட்டுச் சுற்றிலும் குதித்துத் தேடித் தேடி, கடைசியில் வள்ளத்திலேயே மயங்கி விழ, வள்ளம் நீரோட்டத்தில் வெகுதூரம் இழுபட்டுப் போனது. சாயங்காலம் வேறு படகுக்காரர்கள் பார்த்து அவனைக் கரை சேர்த்தார்கள். அவனுக்குப் பேச்சு வரவில்லை. வந்திருந்தாலும் அவனுக்கு இடம் தெரியாது. வள்ளம் கிடந்த இடத்தைச் சுற்றியே எல்லோரும் தேடினார்கள்.

இரண்டாம் நாள் காலை ஜெபசுதா கடற்கரைக்குப் போனார். மணலில் பெருங்கூட்டம். "அவரு எங்கன இறங்குவாருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று ஓர் அதிகாரி சத்தமாகக் கேட்டார். ஜெபசுதா வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற டிக்சன் மெதுவாகச் சொன்னார்: "மேடம், அனுமதி இல்லாம ஆளை இறக்கினோம்னு பேப்பர்ல வரும். இனிமே அவரு உயிரோட வரப்போறதில்ல. யோசிச்சுக்கிடுங்க." ஜெபசுதா வாயை மூடினார். அவர் தோளில் சாய்ந்து பிளாரன்ஸ் அழுதுகொண்டிருந்தார்.

நாலு நாளில் தேடுதல் நின்றது. உடல் கிடைக்கவில்லை. கடல்தண்ணீரில் தொங்கவிட்டு வைத்திருந்த வலைப் பையை ரெக்சன் ஆய்வகத்தில் கொண்டுவந்து வைத்தான். "அத்தான் உங்களுக்கு எடுத்தது" என்று மட்டும் சொன்னான். அடுத்த மாதமே கப்பல் வேலைக்கு ஓமான் போய்விட்டான். பைக்குள் பதினொரு சிப்பிகள் இருந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன.

அவற்றை ஆய்வகத் தொட்டியில் விட்டார். மேலே நிழல் விழுந்தால் சிப்பி தன் இரண்டு ஓடுகளையும் மூடிக்கொள்ளும். அது அதன் இயல்பு, ஜெபசுதாவே வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். ஆனால் நடுப்பகலில், அறையில் வேறு யாரும் இல்லாமல், தானும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பதினொன்றும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். அவர் திரும்பிப் பார்ப்பார். தரை காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் ஈரக் கயிற்று வாசனை வரும். மாணவிகளிடம், "உங்களுக்கு ஏதாவது வாடை வருதா?" என்று கேட்பார். "இல்ல மேடம்," என்பார்கள். சன்னல் மின்விசிறி நிழலாக இருக்கும் என்று அதைக் கழற்றச் சொன்னார். பிறகும் மூடின.

ஜூலையில் கடைசி விண்ணப்பத்தை நிரப்பினார். சான்று அட்டவணையில் பத்துச் சிப்பிகளின் அளவை எழுதினார். கேட்டதற்கு மேல் மனுவேல் எடுத்த பதினொன்றாவதை எழுதக் கை வரவில்லை. ஆய்வு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

சரியான எண் அவருக்குத் தெரியும். வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால் போதும், கணக்கு வாத்தியார் மகள். ஆனால் அந்த எண்ணை எழுதினால் வாக்குப் போகும். அதைவிட, அன்றைக்கே தெரிந்தும் சொல்லவில்லை என்பது அவர் கையெழுத்திலேயே பதிவாகும். அதனால் எண்ணைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். கடற்கரையில் பிறந்த எவரும் அப்படிச் செய்ய மாட்டார்கள், தள்ளினால் எங்கே போய் விழும் என்று பார்ப்பார்கள். நாசரேத்துப் பெண்ணுக்குக் கடல் எங்கும் ஒரே தண்ணீர்தான்.

அக்டோபர் இருபத்து நான்காம் தேதி இணையவழி நேர்காணல். குழுவில் ஒருவர் வரைபடத்தைத் திரையில் போட்டார். ஜெபசுதா கொடுத்த புள்ளி, துறைமுகத்துக்குக் கப்பல் வருவதற்காகத் தோண்டிய பாதையின் நடுவில் விழுந்திருந்தது.

"உங்கள் சிப்பிகள் கப்பலுக்கு வழிகாட்டுகின்றனவா, மேடம்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. சான்று நன்றாக இருக்கிறது, நிதி கொடுக்கலாம் என்றுதான் நினைக்கிறோம், சரியான இடத்தை ஏழு நாளுக்குள் அனுப்புங்கள் என்றார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிகிற நேரம் பார்த்து ஜெபசுதா திரேஸ்புரம் போனார். பிளாரன்ஸ் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். வழி தெரிஞ்சுதா?"

"அக்கா, அன்னைக்கு அந்தச் சிப்பியை நான்தான் கேட்டேன்."

"தெரியும். அவரு சொல்லிட்டுத்தான போனாரு. அதுக்காகவா ஒம்பது மாசம் இந்தப் பக்கம் தல காட்டல?"

"அதுக்கில்ல. அண்ணன் இறங்குன இடம் எனக்குத் தெரியும்."

பிளாரன்ஸின் கை நின்றது. "எப்பத்துல இருந்து?"

"முன்னாலயே. எல்லாரும் தேடுன அன்னைக்கும் தெரியும்."

பிளாரன்ஸ் இறால் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "உங்க தோள்லதான் சாஞ்சு கெடந்தேன். இடம் தெரிஞ்ச ஒரு ஆளைக் காட்டு மாதாவேன்னு நாலு நாளு கேட்டேன் டீச்சர். காட்டித்தான் இருந்துருக்கா. எனக்குத்தான் தெரியல."

ஜெபசுதா வாசலில் தரையில் உட்கார்ந்தார். டெல்லி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னார். இடத்தை எழுதினால் நிதி வரும், அறிக்கையில் எல்லோரும் பார்ப்பார்கள். எழுதாவிட்டால், வயது தாண்டிவிடும், இனி விண்ணப்பமே கிடையாது.

"எழுதாதியன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் பிளாரன்ஸ். "எழுதுங்கன்னும் சொல்ல மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் கல்லறைக்குப் பூ கொண்டு போவாவ. நான் எங்கன போவேன்? எனக்கு இடத்தைக் காட்டுங்க. அது போதும்."

ஏழாம் நாள் மத்தியானம் ஜெபசுதா கணினி முன் உட்கார்ந்தார். டிக்சன் பின்னால் நின்றார். "ரெண்டு நம்பர் மேடம். பதினாறு வருசத்துக்கு ரெண்டே ரெண்டு நம்பர்." ஜெபசுதா முதல் எண்ணைத் தட்டினார். தொட்டியில் ஓடுகள் மூடுகிற சத்தம் கேட்டது. டிக்சனும் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்கும் கேட்டது. ஜெபசுதா தட்டியதை அழித்தார். வள்ளங்கள் வந்து சுரண்டப்போகிற இடம் இனி வெறும் பார் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினார். காரணம் கேட்கிற கட்டத்தில், ஆய்வு இடம் ஒரு கல்லறை என்று எழுதினார்.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி காலை, பிளாரன்ஸின் சித்தப்பா மகன் இனிகோவின் வள்ளத்தில் மூன்று பேரும் போனார்கள்.

"ஏலே இனிகோ, நீ இஞ்சினை மட்டும் பாரு. கரைப் பக்கம் கண்ணு போச்சுன்னா தோண்டிருவேன்," என்றார் பிளாரன்ஸ்.

"டீச்சர் வழி சொல்லி வள்ளம் ஓட்டுத காலம் வந்துட்டே யக்கா!" என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை. 

ஜெபசுதா முன்பக்கம் உட்கார்ந்து கையைக் காட்டினார். வலது. கொஞ்சம் இடது. கோபுரம் மெல்ல நகர்ந்து புகைபோக்கிக்குப் பின்னால் போனது. மறுபக்கமும் சேர்ந்தது. "இங்கதான்" என்றார். இனிகோ இஞ்சினை அணைத்தான். மற்ற எல்லா இடத்தையும் போலத்தான் இருந்தது அந்தத் தண்ணீர். பிளாரன்ஸ் ஏற்றிய மெழுகுவர்த்தி மூன்று முறை அணைந்தது. நாலாவது முறை அவர் ஏற்றவில்லை. பூவை விட்டார். பரலோக மந்திரம் என்கிற ஜெபத்தை ஒரு முறை சொன்னார். பிறகு ஜெபசுதாவைப் பார்த்தார்.

"எனக்குச் சொன்னியள்லா. அவருட்டயும் சொல்லுங்க."

ஜெபசுதா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தார். தண்ணீருக்கு மிகப் பக்கத்தில் வாயை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். மணலில் நின்றது, வாயைத் திறந்தது, மூடியது. சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அதுவரை பிளாரன்ஸ் அவருடைய சேலை முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். 

இதைப் படித்த நீங்கள் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வுக்காக இன்னொருவரைக் கடலுக்கோ காட்டுக்கோ அனுப்புகிற ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் அடுத்த விண்ணப்பத்தை நிரப்ப உட்காருவதற்கு முன்னால், மனுவேலின் பெயரையும் சேர்த்து இந்தக் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.