சலோமி அக்கா நீட்டிய வலது கை

இல்லை, சலோமி அக்கா மறுத்தது பயத்தால் அல்ல. பயந்தவர்கள் கைரேகை மெஷின் வந்த முதல் நாளே வரிசையில் நின்று விரலை வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் அந்த வரிசையில் நின்றார். சலோமி அக்கா மட்டும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.

அவர் இறந்துபோன செய்தி, நான் ஹாலிஎலையில் பஸ்ஸுக்குள் இருந்தபோது வந்தது. சபையின் வாட்ஸ்அப்பில். "சகோதரி சலோமி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். சிறிய, மஞ்சள் கைகள். ரேகை இல்லாதவை. நெஞ்சுவலி என்று பிறகு சொன்னார்கள்.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவரும் நாங்களும் ஒரே லயம், ஒரே கூரைக்குக் கீழ் வரிசை வீடுகள். இரண்டு கதவு தள்ளி அவர் வீடு. கணவர் மொனராகலைக்குக் கரும்பு வெட்டப் போனவர். அங்கேயே அவருக்கு வேறொரு குடும்பம் ஆகிவிட்டது. மிச்சம் அக்காவும் மகள் ஜெனிட்டாவும்.

பெரட்டுக்களம் என்பது விடிகாலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம். அங்கேதான் கைரேகை மெஷின் வந்தது. விரல் வைத்தால்தான் அன்றைய பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம், அதுவும் வங்கிக்கு. அக்காவுக்கு இது புதிய செய்தி இல்லை. வலது கையில் மிருகத்தின் முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் முடியாத காலம் ஒன்று வரும், அதை ஏற்றவனுக்குப் பரலோகம் இல்லை என்று வேதத்தில் வாசித்து, அவர் சின்ன வயதிலிருந்தே காத்திருந்தார். அது தோட்டத்து ஆபீஸ் வேனில், அட்டைப்பெட்டிக்குள் வந்து இறங்கியது.

கடைசிக்காலப் பிரசங்கங்களை அவர் ஜெனிட்டாவின் போனில்தான் கேட்பார். மாவு பிசைந்தபடி.

"அம்மா, மிருகத்தோட பொட்டிக்குள்ளயே மிருகத்தப் பத்திக் கேக்குறீங்க."

"கேக்குறது காது. குடுக்குறது கை. ரெண்டும் ஒண்ணாடி?"

சபையில் காணிக்கைக்குக் கியூஆர் படம் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் நேரே பாஸ்டரிடம் போனார். "ஐயா, கையால போட்டா, நோட்ட விடுறப்ப கை வலிக்கும். அந்த வலிதானுங்க காணிக்க. இதுல எங்கங்க வலிக்குது?" பாஸ்டர் சிரித்துவிட்டார். ஆனால் பழைய காணிக்கைப் பை தொடர்ந்து சுற்றி வந்தது. அவர் ஒருவருக்காக.

தோட்டத்தில் பேர் பதியும் கணக்கப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஒருநாள் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு வழி சொன்னார்.

"ஒங்க வேதத்துல வலது கைன்னுதானே இருக்கு? எடது கைய வையுங்க. யாருக்கும் பிரச்சின இல்ல."

அக்கா யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தார். மறுநாள் காலை போய்ச் சொன்னார்: "ஆண்டவருக்கும் ஒங்க மெஷினுக்கும் நடுவுல நான் தரகு வேல பாக்க ஏலாதுங்க ஐயா."

அதன் பிறகு தோட்டத்தில் அவருக்கு வேலை இல்லை. கூடை சுவரில் ஆணியில் தொங்கியது. கையில் காசு கொடுக்கிற வேலைகளுக்குப் போனார். பெரும்பாலும் கட்டட வேலை. மணல் சுமந்தார். சீமெந்து குழைத்தார். வெறும் கையால். இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது.

பிறகு அந்த அறிவித்தல். தோட்டத்தில் பேர் உள்ளவர்களின் குடும்பத்துக்குத்தான் லயத்து வீடு. மற்றவர்கள் காலி செய்ய வேண்டும். ஜெனிட்டா உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாராவது ஒருவர் விரல் வைக்க வேண்டும். அம்மா, அல்லது மகள்.

நான் லீவில் வந்திருந்த காலை அது. அக்கா குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, திருவிருந்துக்குப் போகிறவர்போலப் பெரட்டுக்களத்துக்கு வந்தார். கணக்கப்பிள்ளை மெஷினைத் துடைத்து வைத்தார். அக்கா வலது கையை நீட்டினார்.

"ப்ளீஸ் ட்ரை எகெய்ன்" என்றது மெஷின். ஒரு பெண்குரல்.

"என்னாங்க சொல்லுது?"

"இன்னொருக்கா வையுங்க."

வைத்தார். அதே குரல். அடுத்த விரல். அதே குரல். வரிசையில் நின்ற ராக்கு அத்தை கத்தினார்: "அடியே சலோமி, ஒங்க அந்திக்கிறிஸ்துவுக்கு ஒன்னயப் புடிக்கலடி!" எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கணக்கப்பிள்ளை அவருடைய கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகளில் ஒன்றும் இல்லை. சீமெந்து தின்றுவிட்டிருந்தது. மெஷினுக்குத் தப்பிப் போய்ச் செய்த வேலைதான் ரேகையை அழித்தது. இடது கையும் அப்படியே.

"மேல எழுதிக் கேக்குறேன் சலோமி. அதுவரைக்கும் லயத்து வீட்டுலயே இருங்க" என்றார் அவர். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை.

சபைக்கு வேறு பதில் கிடைத்தது. கர்த்தர் தம்முடைய பிள்ளையின் விரலை மறைத்துக் காத்தார் என்றார்கள். சாட்சி சொல்ல வரும்படி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள். அக்கா போகவில்லை. என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"நீ படிச்சவ புள்ள. சொல்லு. நான் நீட்டிட்டேன்ல?"

"மெஷின் எடுக்கலயேக்கா. ஒண்ணும் நடக்கல."

"அது எடுக்காதது அதோட கணக்கு. நான் நீட்டுனது என்னோட கணக்கு." கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "புள்ளைக்காக ஆண்டவர விட்டேன். புள்ளைக்கு வீடும் உறுதியாகல. ரெண்டு பக்கமும் என் பேரு இல்ல."

அந்த மிருகத்தை நான் நம்புவதில்லை. அவர் நம்பியதற்குள் நின்று யோசித்துப் பார்த்தேன். அங்கேயும் அவர் சொன்ன கணக்குதான் சரியாக வந்தது.

எழுந்து போகும்போது சொன்னார்: "நான் செத்தா, இத அற்புதம்னு சொல்ல விடாத புள்ள. பொய்யோட என்னய அனுப்ப வேணாம்."

அடக்க நாளன்று பாஸ்டரிடம் அதைச் சொன்னேன். அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன. "தெரியும்மா. ஆனா அந்தப் பொம்பளப் புள்ளைக்கு ஒரு ஆறுதல் வேணுமே" என்றார். பெட்டியின் தலைமாட்டில் நின்று, மறைக்கப்பட்ட விரல்களைப் பற்றிச் சொன்னார். சபையாராகிய நீங்கள் அல்லேலூயா என்றீர்கள். ஜெனிட்டா அம்மாவின் கையைப் பார்த்தாள். வெள்ளை உறை போட்டிருந்தார்கள்.

அங்கே நின்ற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அது அற்புதம் இல்லை. ஒரு தாய் தன் பரலோகத்தைக் கொடுக்க வந்தாள். வாங்க ஆள் இல்லை. இடது கையை நீட்டியிருக்கலாம். வலது கையை நீட்டினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஜெனிட்டாவோடு பெரட்டுக்களத்துக்குப் போனேன். அவள் விரலை வைத்தாள். முதல் முறையிலேயே எடுத்தது. "தேங்க் யூ" என்றது மெஷின். அம்மாவின் கூடைக் கயிறு அவளுக்கு நீளமாக இருந்தது. முடிச்சுப் போட்டுச் சுருக்கிக் கொடுத்தேன். பிறகு பதுளை பஸ்ஸில் ஏறினேன்.