பனியில் மாட்டிய கப்பலின் இரண்டாம் பாகம்

ஐயா, அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசிக்கவில்லை. வாங்கினீர்கள், கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்கள், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டினீர்கள். வாசிக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, நானும் என் வீட்டுக்காரரும் புத்தகம் வாசிக்காத கூட்டம் என்று சொன்னது நீங்கள். அதனால் நானும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

உங்கள் பெயரை எழுதமாட்டேன். என் பெயரும் வேண்டாம். படிக்கிறவர்களுக்கு விஷயம் விளங்கினால் போதும்.

கண்டி மார்க்கெட்டுக்குக் கிட்ட ஒரு மாடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சட்டை, ஸ்கூல் யூனிபோம், திரைச்சீலை எல்லாம் தைப்பேன். பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். என் வீட்டுக்காரர் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்றில் சமையல் செய்கிறார். வட துருவம், தென் துருவம், பழைய பாய்க்கப்பல் பயணங்கள், இவற்றைப் பற்றிய பழைய இங்கிலீஷ் புத்தகங்கள் என்னிடம் ஒரு அலுமாரி நிறைய இருக்கின்றன. தையல்காரிக்கு எதற்கு துருவம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். துருவத்துக்குப் போகாத நீங்கள் வைத்திருக்கலாம் என்றால் நானும் வைத்திருக்கலாம்.

இது தொடங்கியது கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில். பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா ஒன்றை வெளிநாட்டுக்காரர் தங்குகிற இடமாக மாற்றினார்கள். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போனேன். வராந்தாவில் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. மேனேஜர் எங்கள் பக்கத்துப் பையன்.

“எல்லாம் பூச்சி அடிச்சது, அக்கா. வேணும்னா அள்ளிக்கிட்டுப் போங்க. நாளைக்கு நெருப்பு வச்சுருவோம்.”

குனிந்து ஒன்றை எடுத்தேன். வெளிறிய நீலத் துணி அட்டை, உள்ளே அந்தக் காலத்துத் துரையின் பெயர் மையில். அட்டையில் வெள்ளியில் ஒரு கப்பல், பனிக்கட்டிகளுக்கு நடுவில் நிற்கிறது. துணியைத் தொட்டால் எனக்குத் தெரியும், அது நல்ல நெசவு. அந்த நெசவுக்காகத்தான் எடுத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. மிச்சத்தையும் திரைச்சீலைத் துணி கொண்டுபோன மூட்டையில் கட்டி, த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வந்த பிறகுதான் வாசித்தேன். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று போனது. கப்பலின் கயிறு, பாய், மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது, அதில் பாதி இன்றைக்கும் விளங்காது. கடலையே நான் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தேன், திருகோணமலையில். முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. ஆனால் குளிர் விளங்கியது. ஒரு சின்ன அறைக்குள் பலபேர் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தால் எப்படிச் சண்டை வரும் என்பதும் நன்றாக விளங்கியது. தோட்டத்து லயத்தில், ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவளுக்கு அதற்கு அகராதி தேவையில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அன்று வாசித்ததை வீட்டுக்காரருக்குத் தமிழில் சொல்வேன். அவருக்குக் கப்பல் தலைவனைப் பற்றி அக்கறை இல்லை. அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான்.

“அங்க என்னா சமைச்சானுங்க?”

“ரொட்டி. டின் இறைச்சி. அதுவும் முடிஞ்சா நீர்நாய் மாதிரி ஒரு மிருகம், அதைச் சுட்டுத் தின்னுறாங்க.”

“மாவு எப்படிப் புளிக்கும் அந்தக் குளிர்ல?”

பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். எழுதியிருந்தது. அந்தக் கப்பலின் சமையல்காரன் மாவுச் சட்டியைப் போர்வையில் சுற்றித் தன் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “அவன் வேல தெரிஞ்சவன்டி! அவன்தான் வேலைக்காரன்!” அன்றிலிருந்து அந்தக் கப்பல் எங்கள் வீட்டில் சமையல்காரனுடைய கப்பல்.

முதலாம் பாகம் முடிகிற இடத்தில் கப்பலைச் சுற்றிப் பனி இறுகிவிடுகிறது. சூரியன் கடைசியாக ஒரு முறை அடிவான விளிம்பில் தெரிந்துவிட்டு மறைகிறது. இனி மாதக்கணக்கில் இருட்டு. பலகைகள் நெரிகிற சத்தம் கேட்கிறது. சமையல்காரன் அடுப்பை மூட்டுகிறான். அவ்வளவுதான். இரண்டாம் பாகம் அந்தக் குவியலில் இல்லை. பங்களாவுக்குத் திரும்பிப் போய் ஸ்டோர் அறை வரைக்கும் தேடினேன். இல்லை.

மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். “அம்மா, போன்ல ஒரு நிமிஷம். கப்பல் வந்துச்சா இல்லையான்னு சொல்லிர்றேன்” என்றாள். போனில் கை வைத்தால் கையை முறிப்பேன் என்றேன். சமையல்காரன் என்ன ஆனான் என்பதைப் போன் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த மாவுச் சட்டியை அது சொல்லாது. அப்பாவும் என் பக்கம் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு விட்டாள்.

இப்படிச் சில வருஷம் போனது. இதற்குள் மற்றப் புத்தகங்கள் சேர்ந்தன. கண்டி மழையில் புத்தகம் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. அலுமாரியின் அடித்தட்டில் ஒரு சின்ன பல்ப் மழைக்காலம் முழுக்க எரியும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மிச்சப் பருத்தித் துணியில் ஒரு பை தைத்திருக்கிறேன், சுருக்குக் கயிறோடு. ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தால் ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து, காற்றுப்பட வைத்து, மடித்த வரைபடங்களை மெல்ல விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு யார்மீதும் கோபம் வருவதில்லை. வீட்டுக்காரர் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய அதிசயம் என்பார்.

பிறகுதான் பழைய புத்தகக் கடைக்காரர் உங்களைப் பற்றிச் சொன்னார். துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து ஐயா, கண்டிக் குளத்துக்கு மேலே மேட்டில் வீடு, கப்பல் புத்தகங்கள் நிறைய, நீங்கள் தேடுகிற நீல அட்டையும் அவரிடம்தான் இருக்கிறது என்றார். நானும் வீட்டுக்காரரும் வந்தோம். மரியாதையாக உட்கார வைத்தீர்கள். உங்கள் வீட்டு அம்மா வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். நல்ல வடை. அதை மறக்கவில்லை.

அலுமாரியைத் திறந்து புத்தகத்தை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டினீர்கள். அதே நீலம், அதே வெள்ளிக் கப்பல்.

“ஓம், இது ரெண்டாம் பாகம்தான். உள்ளுக்கு அதே துரையின்ர பேர் கிடக்கு, பாருங்கோ.”

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, அந்தக் குசினிக்காரன் என்னா ஆனான்? ஊர் போய்ச் சேந்தானா?”

“எந்தக் குசினிக்காரன்?” என்றீர்கள்.

“மாவுச் சட்டியப் போத்திக்கிட்டுப் படுப்பானே, அவன்தாங்க.”

கொஞ்சம் யோசித்தீர்கள். “அதெல்லாம் நீங்களே வாசிச்சுப் பாக்கவேணும். நான் சொன்னால் சுவை போயிடும்.”

அப்போது நான் புத்தகத்தின் மேல் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து, மடித்துத் தைத்து விற்பார்கள். மடிப்பை வெட்டுவது வாங்குகிறவன் வேலை. ஒரு கத்தியை வைத்துக்கொண்டு வெட்டி வெட்டித்தான் வாசிக்க வேண்டும். வெட்டாவிட்டால் இடையிடையே சில பக்கங்கள் மட்டும் தெரியும், மற்றவை மடிப்புக்குள் மூடிக் கிடக்கும். என் முதலாம் பாகத்தைத் துரை கடைசிப் பக்கம் வரைக்கும் வெட்டியிருக்கிறார், கோணல்மாணலாக. உங்கள் கையில் இருந்த புத்தகத்தின் மடிப்புகள் வெட்டுப்படாமல் அப்படியே இருந்தன, மில்லிலிருந்து வந்த துணி மாதிரி. துரை வாசிக்கவில்லை. நீங்களும் வாசிக்கவில்லை. மடிப்பைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். அதில் எனக்குப் பிழை வராது.

தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்தது. வீட்டுக்குப் போன இடத்தில் அதைச் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட இடங்கள் குறைவு. அது ஒன்று.

நீங்கள் ஒரு வாக்குக் கொடுத்தீர்கள். “மண்டபத்தில நடக்கப்போற பழைய புத்தகக் கண்காட்சிக்கு உங்கட முதலாம் பாகத்தைக் கொண்டுவாங்கோ. பழுதில்லாமல் இருந்தால் இதை உங்களுக்குத் தாறன். பதிலுக்கு உங்களிட்ட இருக்கெண்டு சொன்ன அந்தத் திமிங்கில வேட்டைப் புத்தகத்தை எனக்குத் தாங்கோ. ரெண்டு பாகமும் ஒரு இடத்தில இருக்கிறதுதான் முறை.” சம்மதித்தேன். திரும்பிவரும்போது வீட்டுக்காரர் பஸ்ஸில் பாட்டே பாடினார்.

கண்காட்சிக்கு முதல் சரஸ்வதி பூசை வந்தது. கடையில் பூசை அவர் பொறுப்பு. நான் பொங்கலுக்குப் பால் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் தையல் மெஷின்கள், கத்தரிக்கோல், அளவு நாடா எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். நடுவில் வாழையிலை. வாழையிலைக்கு மேல் நீலப் புத்தகம். வெள்ளிக் கப்பலுக்குக் கொஞ்சம் மேலே, வெறும் வானத்தில், ஈரச் சந்தனம் வட்டமாக, அதன் நடுவில் குங்குமம்.

நான் போட்ட சத்தத்துக்குக் கீழ்க்கடைச் செருப்புக்காரர் ஏறி வந்துவிட்டார்.

“நீ கும்புடுற சாமான்னுதானே அதுக்கு மொதல்ல வச்சேன்?” என்றார் வீட்டுக்காரர்.

“நூறு வருஷத்துத் துணிய்யா அது! யாராவது ஈரச் சந்தனத்த வைப்பானா?”

“கத்தரிக்கோலுக்கு வச்சப்ப ஒண்ணும் சொல்லலயே.”

“கத்தரிக்கோலக் கழுவலாம்!”

விடுதியிலிருந்து பாண் கொண்டுவந்தார். பாணின் மெத்தென்ற வெள்ளை உள்பக்கத்தால் மெல்லத் தேய்த்தால் அழுக்கு எடுபடும் என்று எங்கோ வாசித்திருந்தேன். சந்தனம் போனது, ஒரு மஞ்சள் வட்டம் நின்றது. குங்குமம் போகவே இல்லை. அவரோடு பேசாமல் இருந்தேன். ஒரு இரவு அவராகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சூரியனே இல்லாத ஊருன்னு நீதானே சொன்ன. அதான் ஒண்ணு வச்சு விட்டேன்னு நெனச்சுக்க.”

சிரிக்கக்கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. உண்மையிலேயே அது சரியான இடத்தில்தான் இருந்தது.

கண்காட்சிக்கு அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கறையை மறைக்கவில்லை. நீங்கள் வந்தீர்கள், பார்த்தீர்கள், ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனீர்கள். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தீர்கள்.

“எங்கட ஆக்களிட்ட பழைய புத்தகம் படுற பாட்டைப் பாருங்கோ. வாசிக்கிறதில்லை. பொட்டு வைச்சுக் கும்பிடுறது! ரெண்டாம் பாகம் என்னட்ட இருக்கு. அதை இப்பிடியான கைக்கு நான் குடுக்கமாட்டன்.”

மண்டபம் சிரித்தது. என் வீட்டுக்காரர் அப்போது இரண்டு கையிலும் தேத்தண்ணியோடு வாசலில் நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டது. கோப்பைகளைக் கீழே வைத்தார். மேடைக்கு நடந்து போய், உங்கள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பையில் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்து முடிந்தார். அவசரப்படவில்லை.

வெளியில் வந்ததும், “நான் வச்ச பொட்டுக்கு நீ ஏச்சு வாங்கிட்ட” என்றார்.

“நான் வாங்கல. குடுக்கப் போறேன்” என்றேன்.

அதைத்தான் இப்போது செய்கிறேன். ஆனால் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கறை கறைதான். புத்தகத்தைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்தது என்றால் எனக்கும் எரிந்தது, உங்களைவிட அதிகமாகக் கத்தினேன். வாணி விழா என்று நீங்கள் சொல்கிற சரஸ்வதி பூசைக்கு உங்கள் வீட்டிலும் ஏடு வைத்துக் கும்பிடுவார்கள், அது உங்களுக்கும் தெரியும். பழுதில்லாமல் இருந்தால் தருகிறேன் என்றீர்கள், பழுதாகிவிட்டது, தரவேண்டாம். அதுவரைக்கும் உங்கள் பக்கம் சரி. வெட்டாத தாள்களுக்கு விலை அதிகம் என்று நீங்கள் வெட்டாமல் வைத்திருக்கலாம். அதுவும் உங்கள் சொத்து, உங்கள் விருப்பம். ஆனால் வெட்டாத புத்தகத்தை வைத்திருக்கிறவர், ஒரு புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த வீட்டைப் பார்த்து வாசிப்பதில்லை என்று சொன்னது பொய்.

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். இந்த மழைக்கும் பல்ப் எரிகிறது, புத்தகங்கள் காய்ந்திருக்கின்றன. முதலாம் பாகத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கப்பல் இப்போதுதான் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டிருக்கிறது. வீட்டுக்காரர் தன் வேலையிடத்தில் மாவு புளிக்காத குளிர்நாளில் சட்டியைச் சாக்கில் சுற்றி வைக்கிறாராம், பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். கப்பல் பனியில் மாட்டுகிற இடம் வருவதற்கு இன்னும் நிறைய இரவுகள் இருக்கின்றன. அதற்குள் உங்கள் பதில் வந்தால் நல்லது.

புத்தகம் வேண்டாம், ஐயா. திமிங்கிலப் புத்தகத்தையும் வேண்டுமானால் சும்மா தருகிறேன். கண்காட்சி மறுபடி நடக்கும். அதே மேடை, அதே மைக். முன்வரிசைக் கதிரையில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருப்போம். மடிப்புகளை வெட்டி, வாசித்துவிட்டு வாருங்கள். அந்தச் சூரியன் திரும்ப வந்ததா? கப்பல் பனியை விட்டு வெளியே வந்ததா? மாவுச் சட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கிய அந்தச் சமையல்காரன் வீடு போய்ச் சேர்ந்தானா? எங்களைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில் சொல்லுங்கள்.