முகத்து ஈக்கு ஒரு தழை

என் வீட்டுக்காரர் நூல் மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்தார். லோடு மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் காட்டினோம், மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே சில வாரம் வைத்திருந்துவிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, தொட்டாலும் தெரியாது. முகத்தில் மட்டும் எல்லாம் தெரியும். அறுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் முதல் பவர்லூம் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்குள் நாங்கள் பேசுவது கன்னடம். அதை அப்படியே எழுதினால் யாருக்குப் புரியும்? அதனால் அவர் சொன்னதையெல்லாம் தெருவில் பேசுகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னை வெளியே போடச் சொன்னார். எங்கள் வீட்டில் முன்னறை முழுக்கத் தறி. பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலேயே விளக்கு வேண்டும். வெளியே வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டால் காற்றும் வரும், வேலையும் தெரியும். காலையில் அங்கேதான் பாவு நீட்டுவோம். நெய்வதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, பெரிய பிரஷால் தேய்த்துக் காயவைக்கிற வேலை. நானும் கொழுந்தனாரும் அவர் மனைவியும் மூன்று பேராய்ச் செய்வோம். இவர் படுத்தபடியே, "நடுவுல ஒரு இழை அத்துருச்சு, பாரு" என்பார். போய்ப் பார்த்தால் அறுந்திருக்கும். கை கால் போன மனுஷனுக்கு அந்தக் கண் ஒன்றுதான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு இன்னும் தறிக்காரராக இருந்தார்.

அந்தக் கண்ணில்தான் ஈ வந்து உட்கார்ந்தது. வீட்டு ஈ ஒரு பக்கம் என்றால், கண்ணோரத்து ஈரத்துக்கு வருகிற குட்டி ஈக்கள் இன்னொரு பக்கம். அவரிடம் இருந்தது மூச்சு மட்டுந்தான். கீழுதட்டைச் சுழித்து மேல்நோக்கி 'பூ' என்று ஊதுவார். ஈ எழும்பும், ஒரு சுற்றுச் சுற்றும், அதே இடத்தில் உட்காரும். மற்ற நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். ஆனால் பாவில் கஞ்சி ஏறிவிட்டால் ஒருத்தரும் கையை எடுக்க முடியாது. எடுத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அவர் வெளியே இருக்க ஆசைப்பட்ட நேரமும் நாங்கள் கிட்டே போக முடியாத நேரமும் ஒன்றாக இருந்தது. விதி என்றால் இப்படித்தான் பார்த்துப் பார்த்துச் செய்யும் போலிருக்கிறது.

மெல்லிய துணி ஒன்றை முகத்தில் போட்டுப் பார்த்தேன். கத்தினார். "முகத்த மூடுறது மயானத்துல. அதுவரைக்கும் தெறந்தே கெடக்கட்டும்." கொசுவலைக்கும் அதே பதில்தான்.

அப்புறம்தான் தழைகளைத் தேடிப் போனேன். எனக்கு அந்த ஈக்கள் மேல் வந்த ஆத்திரம் லாரிக்காரன் மேல்கூட வந்ததில்லை. வாய்க்கால் ஓரம், கண்மாய்க் கரை, மயானத்துப் பாதை என்று கிடைத்ததையெல்லாம் பறித்து வந்து அம்மியில் வைத்து அரைப்பேன். ஒரு கையில் பூசிக்கொண்டு, மறு கையை வெறுமனே விட்டு, கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் உட்காருவேன். தெருவில் ஈ அதிகம் மொய்க்கிற இடம் அதுதான். எந்தக் கையில் உட்காருகிறது என்று பார்ப்பேன். போகிற வருகிற பெண்கள், "என்னக்கா, ஈக்குப் பொண்ணு பாக்குறீகளா?" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

தும்பையில் ஈ சாவகாசமாக உட்கார்ந்தது. நாய்த்துளசிக்கு முதலில் தயங்கியது, பிறகு பழகிக்கொண்டது. பேய்மிரட்டி என்று பெயர் வைத்த செடிக்கு ஓர் ஈயை மிரட்டத் தெரியவில்லை. எருக்கம்பால் பட்ட இடம் கொப்பளித்தது. இதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது என்று அன்றைக்கே தூரப் போட்டேன்.

நரிக்குடிப் பக்கமிருந்து ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெண், கண்மாய்க் கரையில் நான் குனிந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். சொன்னேன். கரிசல் தரையில் படர்ந்து கிடந்த ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்கித் தந்தாள். "ஆடு எல்லாத்தையும் திங்கும் தாயி, இத மட்டும் மோந்து பாத்துட்டுப் போயிரும். ஆடு தொடாதத ஈ தொடுமா?" அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அரைத்தேன். ஈ தொட்டது. மறுபடி அவளைப் பார்த்தபோது சொன்னேன். "அப்ப இந்த ஊரு ஈ ஆட்டவிட மோசம்" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நொச்சி மட்டும் கொஞ்சம் கேட்டது. வேப்பிலையும் சேர்த்து அரைத்துச் சாற்றைப் பூசினால் ஈரம் இருக்கும்வரை ஈ அண்டவில்லை. அவர் நெற்றியிலும் கன்னத்திலும் தடவிவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு முழம் பாவு தேய்ப்பதற்குள் சாறு காய்ந்துவிட்டது. மறுபடி 'பூ' சத்தம் கேட்டது.

அன்றைக்கு மத்தியானம் அவர் சொன்னார்: "தழை நல்ல தழைதான். நிக்க மாட்டேங்குது. நூலு நிக்க நாம என்ன செய்றோம்? கஞ்சி போடு."

எப்படி எங்களுக்கு இது தோன்றவில்லை என்று கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் ஆட்களுக்கு எது நிற்க வேண்டுமென்றாலும் கஞ்சிதான் தெரியும். மறுநாள் விடிந்ததும் கேப்பைக் கஞ்சியில் நொச்சிச் சாற்றைக் கலந்து கொண்டுபோனேன். பதம் பார்க்க, ஒரு துளியை உதட்டில் வைக்கச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் இறுகணும்" என்றார். விழுந்த நாளிலிருந்து அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பூசிக் காய்ந்ததும் முகம் விறைத்துக்கொண்டது. சிரித்தார், கன்னத்தில் வெடிப்பு விழுந்தது. "புதுச் சேலை மாதிரி மொடமொடன்னு இருக்கா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரம் ஈ வரவில்லை. அவர் இரண்டு அறுந்த இழைகளைக் கண்டுபிடித்துச் சொன்னார். பிறகு வெயில் ஏறியது, முகம் வியர்த்தது, கஞ்சி இளகிப் புளித்த வாடை அடித்தது. பாவில் உட்கார்ந்திருந்த ஈயெல்லாம் அவர் முகத்துக்குப் போயிற்று. கஞ்சிக்கு ஈ மொய்ப்பதை வாழ்நாள் முழுக்கத் தினமும் பார்த்தவர்கள் நாங்கள். என் கையில் தழையைப் பூசி, கஞ்சிப் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோதித்தவள் நான். ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. கட்டில் கால் வழியாக எறும்பும் ஏறியது. அவர் ஊதிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், மூச்சு வாங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதற்கும் ஈ வந்தது.

நான் பாவைப் போட்டுவிட்டு ஓடினேன். இழையெல்லாம் ஒட்டிப் பாழாய்ப் போகட்டும் என்று கொழுந்தனாரும் பின்னாலேயே ஓடிவந்தார். தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டோம். "உள்ள கொண்டு போயிரவாங்க?" என்று கேட்டேன்.

"உள்ள வேணாம். உள்ள போனா சத்தம்கூடக் கேக்காது" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "இந்தா, அந்தத் துணியப் போட்டு மூடிரு."

மூடினேன். என் கையாலேயே மூடினேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். துணிக்கு அடியில் படுத்து, பிரஷ் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அறுந்த இழையைப் பற்றிப் பேசவே இல்லை. ஈ துணி மேல் உட்காரும், போகும். நான் தழை பறிக்கப் போவதை விட்டுவிட்டேன். அடுத்த மழைக்கு முன்னால் அவர் போய்விட்டார்.

அன்று தெருவில் யாரும் பாவு நீட்டவில்லை. அதே வேப்பமரத்தடியில் கிடத்தினார்கள். ஊர் பார்க்க வேண்டுமே, முகத்தைத் திறந்து வையுங்கள் என்றார்கள். துணியை எடுத்தேன். பெண்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஓர் ஈ வந்து அவர் கீழுதட்டில் உட்கார்ந்தது. அவர் ஊதுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.