ஏறுகிற வண்டிக்கு வழி

கொல்லிமலை வளைவுகளில் காலமெல்லாம் லாரி ஓட்டிய மணிவண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் தேறியது. பேச்சு வரவில்லை. இப்போதே பழகாவிட்டால் பிறகு கடினம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து மனைவி ருக்குமணி அவரை விடவில்லை. தண்ணி என்று சொல்லுங்க, சோறு என்று சொல்லுங்க என்று தினமும் கேட்டாள். பச்சைப் பிள்ளையைப் போல நடத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மதியம் டிவியில் கார் பந்தயப் படம் ஓடியது. அந்த மாதிரிப் படம் என்றால் அவருக்கு உயிர். பேச்சு இருந்த நாளில் ஓட்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டே கடைசிவரை பார்ப்பார். மலைப்பாதையில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். படத்திலோ, சீறி இறங்கிய கதாநாயகனின் கார், ஏறி வந்த லாரியைப் பள்ளத்தோரம் தள்ளியது. மணிவண்ணன் நிமிர்ந்தார். வாய் கோணிக்கொண்டு திறந்தது.

என்ன சொல்ல வருகிறார் என்று ருக்குமணிக்குத் தெரியும். எடுத்துக் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ... ஏற... ஏறுற வண்டிக்கு வழி உடுறா, நாயே!"

வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு அவள் டிவியை அணைத்தாள். அவர் முறைத்தார்.

"மொறைச்சா நடக்காதுங்க. டிவியப் போடுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. அதுவரைக்கும் படம் கெடையாது."

அவர் இடது கையால் நாற்காலியைக் குத்தினார். பிறகு, "டி..." என்று ஆரம்பித்தார்.

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு ருக்குமணி எதிரே உட்கார்ந்தாள்.