ரோசியின் கூட்டுக்கு நான் போட்ட பூட்டு

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹைதராபாத் சைனிக்புரியில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஒரு கோழிக்கு முட்டை சிக்கிக்கொண்டதற்கு இவ்வளவு பெரிய கதையா என்று நினைப்பீர்கள்.

பாலாநகரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேட் பாஸ் இல்லாமல் ஒரு திருகாணி வெளியே போகாது. யாருடைய பையையும் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. சிரித்துப் பேசுகிறவரின் பையைக் கொஞ்சம் கூடுதலாகவே துழாவுவேன். கடைசி நாளன்று மாலை போட்டு வழியனுப்பினார்கள். பழக்கம் மட்டும் என்னோடு ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. "பால் ஊத்த வர்றவனைக்கூடத் திருடனைப் பாக்கற மாதிரிப் பாக்கறீங்களே" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

நாங்கள் சுத்த சைவம். அப்படிப்பட்ட வீட்டில் கோழி ஏது என்று கேட்பீர்கள். மகள் காலேஜில் படித்தபோது, மாரெட்பள்ளியில் சாயம் பூசி விற்ற ரோஸ் நிறக் கோழிக்குஞ்சைப் பார்த்துப் பாவப்பட்டு, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு நாள் தாங்காது என்றேன். சாயம்தான் போனது, குஞ்சு போகவில்லை. ரோசி என்று பெயர் வைத்தாள். மகளுக்குக் கல்யாணமாகி அவள் புனேவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ரோசிக்கு இப்போது ஆறு வயது. மகள் போன் செய்தால் முதல் கேள்வியே, "ரோசி எப்படி இருக்கா?" என்பதுதான். எங்கள் சர்க்கரையும் பிரஷரும் அதற்குப் பிறகுதான்.

முட்டையை நாங்கள் கையால் தொடுவதில்லை. பழைய செய்தித்தாளால் பிடித்து எடுத்து மதில்மேல் வைப்பேன். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா கொண்டுபோவார். வயதாகிவிட்டதால் வாரத்துக்கு இரண்டு, மூன்றுதான்.

இந்த நிலையில்தான் மாடி போர்ஷனுக்கு ஒரு கணவன் மனைவி குடிவந்தார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை, முப்பத்தைந்து வயது இருக்கும். நாமக்கல் பக்கம். வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது என்று நான் போட்ட நிபந்தனைக்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். சிரித்தார்களா, அதிலேயே அவர்கள்மேல் எனக்கு ஒரு கண் விழுந்துவிட்டது. சாமான் இறக்கிய அன்றே அந்தப் பெண் கூட்டருகே வந்து கோழியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங் சார், இதுக்கு என்ன வயசாச்சுங்க? இன்னும் முட்டை போடுதுங்களா? தீனி என்னங்க வெக்கறீங்க?"

"கோழி விஷயத்தை நாங்க பாத்துக்கறோம்மா" என்று வெட்டிவிட்டேன். கோழிப் பண்ணைகள் நிறைந்த ஊர்க்காரர், வயதான கோழியைப் பற்றி இத்தனை விசாரிக்கிறார் என்றால் குழம்பைத் தவிர வேறு எதற்கு? அப்படித்தான் ஓடியது என் புத்தி.

ஒரு மாதம் போயிருக்கும். முட்டை குறைய ஆரம்பித்தது. எனக்கு முன்னால் யாராவது எடுத்துவிட்டார்களா என்று கேட்டால், "லேது சார்" என்று வேலைக்கார அம்மா தினமும் வெறும் கையை விரித்தார். முதலில் அவருடைய பையைத்தான், அவர் பாத்திரம் தேய்க்கும்போது, நைசாக எட்டிப் பார்த்தேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. அதில் வெற்றிலையும் ஒரு செருப்புத் தைக்கிற ஊசியும்தான் இருந்தன. அடுத்து என் சந்தேகம் மாடிக்கு ஏறியது. ஆம்லெட் வாசனை வருகிறதா என்று மாடிப்படியின் பாதியில் நின்று மூக்கை நீட்டினேன். சாம்பார் வாசனைதான் வந்தது. ஜாக்கிரதையான ஆட்கள் என்று அதையும் அவர்கள் கணக்கிலேயே எழுதினேன்.

ஒருநாள் காலை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அந்தப் பெண் கூட்டின் முன்னால் குந்தி, உள்ளே கையை விட்டுக்கொண்டிருக்கிறார்! நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போவதற்குள் மேலே போய்விட்டார். தீனித் தட்டைப் பார்த்தால், கம்பும் நொய்யும் கலந்த இடத்தில் ஏதோ வெள்ளையாகத் தூள் தூளாகக் கிடக்கிறது. மயக்க மருந்தா, விஷமா? தட்டோடு எடுத்துக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். அன்று சாயங்காலமே கூட்டுக்கு ஒரு பித்தளைப் பூட்டு போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மேலே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஆள் உஷாராகிவிடும் என்பது ஸ்டோர்ஸில் கற்ற பாடம், அதனால் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த ஞாயிறு வந்தது.

காலையில் பூட்டைத் திறந்தேன். ரோசி வெளியே வரவில்லை. மூலையில் விறைப்பாக நிமிர்ந்து நின்றது. வால் தொங்கிவிட்டது, இறகெல்லாம் உப்பியிருந்தது, கண் செருகிச் செருகித் திறந்தது. அடிக்கடி உடம்பை நெளித்து முக்கிக்கொண்டிருந்தது. விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பூட்டு அப்படியே இருந்தாலும் கம்பிவலையில்தான் ஓட்டை இருக்கிறதே! மனைவியோ மலச்சிக்கல் என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சி ஸ்பூனில் புகட்டினாள். எங்கள் வீட்டில் எல்லா வயிற்றுக்கும் அதுதான் வைத்தியம். ஒரு பிராணி மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நாய், பூனைதான் பார்ப்போம் என்றார்கள். போனை வைப்பதற்குள் ஒருவர் சிரித்தது கேட்டது.

ரோசி நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது. "பொண்ணு கேட்டா என்னத்தச் சொல்றது?" என்று மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாடிப்படிக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

அவர் ஈரக் கையோடு இறங்கி வந்தார். கோழியின் அடிவயிற்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "முட்டை சிக்கியிருக்குதுங்கம்மா. கல்லு மாதிரி தட்டுப்படுது. சுடுதண்ணில உக்கார வெச்சாப் பொழச்சுக்கும். மேல கொண்டு போறனுங்க, பிளாஸ்டிக் டப்பு இருக்குது."

"எதுவா இருந்தாலும் இங்கேயே செய்யுங்க. என் கண்ணு முன்னாடி" என்றேன் நான்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டப்பைக் கீழே எடுத்துவந்தார்.

குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில் தண்ணீர் விளாவி, ரோசியை வயிறு முங்கும் அளவுக்கு அதில் உட்கார வைத்தார். இருபது நிமிஷம் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் கண்கொத்திப் பாம்பாக அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அமுக்கி எடுத்துட முடியாதா?"

"ஐயோ, அமுக்கக் கூடாதுங்க. உள்ளயே ஒடஞ்சா உசுரு போயிருமுங்க." தேங்காய் எண்ணெய் வாங்கி, விரலில் பாலிதீன் கவரைச் சுற்றிக்கொண்டு, முட்டை வரும் வழியில் பக்குவமாகத் தடவினார். அப்போது என் பக்கம் திரும்பாமலே, "தீனில ஏதாச்சும் மாத்துனீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ரோசியைத் துண்டால் துடைத்து, வெளிக் குளியலறையில் சாக்கு விரித்து விட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். நான் வழக்கம்போலக் கதவைக் கொஞ்சம் திறந்து ஒரு கண்ணை வைத்தேன்.

"சார், பாக்காதீங்க. பாத்துட்டே நின்னா போடாதுங்க."

முப்பது வருஷம் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பார்க்காதே என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தேன். மனைவி காபி கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணின் பெற்றோர் ஊரில் சின்னதாகப் பண்ணை வைத்திருந்தார்களாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கோழிகளோடுதான் இருப்பாராம். "வயசான கோழிக்கு ஓடு மெலிஞ்சிருமுங்கம்மா. தோல் முட்டையாப் போட்டு, அதுவே கொத்தித் தின்னுரும். அப்புறம் முட்டையைக் காணோம்னு தேடுவோம். கிளிஞ்சல் தூளு கொஞ்சம் தீனில கலந்து வெச்சா இந்த மாதிரி சிக்கறது கொறயுமுங்க" என்று மனைவியிடம் சொன்னார்.

குடித்துக்கொண்டிருந்த காபியைக் கல்லின்மேல் வைத்துவிட்டேன். வெள்ளையாக, தூள் தூளாக. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம்போல ஒன்றை நான் அனுபவித்ததில்லை. இரண்டு முறை எட்டிப் பார்க்க எழுந்தேன், இரண்டு முறையும் உட்கார்ந்தேன். செத்துப்போனால் கொன்றவன் நான் என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து ஈனமாக ஒரு கொக்கரிப்பு கேட்டது. அந்தப் பெண்தான் திறந்தார். சாக்கின்மேல், சுருக்கம் விழுந்த ஓட்டோடு, ஒரு கீற்று ரத்தத்தோடு முட்டை கிடந்தது. பக்கத்தில் ரோசி எழுந்து நின்று இறகை உதறிக்கொண்டிருந்தது. மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் குனிந்து அந்த முட்டையை வெறும் கையால் எடுத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. "அந்த வெள்ளைத் தூள் நீங்க வெச்சதுதானே? நான்தாம்மா கொட்டினேன். விஷமோன்னு நெனச்சேன். பூட்டும் அதுக்காகத்தான்" என்றேன்.

"தெரியுமுங்க சார். நீங்க கொட்டறத மேல இருந்து பாத்தனுங்க."

"அப்பவே கிளிஞ்சல்னு சொல்லியிருக்கலாமே?"

"மொத நாளே கேக்க வந்தனுங்க. நீங்கதான் நாங்க பாத்துக்கறோம்னுட்டீங்க. கேக்காம வெச்சது என்னோட தப்புத்தானுங்க. ஆனா கொட்டுனதுக்கப்பறம் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நம்பியிருக்க மாட்டேன். கிளிஞ்சல் என்று சொல்லிச் சமாளிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பேன்.

ரோசி நன்றாக இருக்கிறது. எப்போதாவது ஒரு முட்டை போடுகிறது. கிளிஞ்சல் தூளை இப்போது நானே கலக்கிறேன், அளவு மட்டும் மாடியிலிருந்து வரும். அன்றைக்கே பூட்டைக் கழற்றிவிட்டேன். மகளிடமும் ஒன்று விடாமல் சொன்னேன்.

குணம் ஒரே நாளில் மாறிவிடுமா என்ன? போன வாரம்கூட கூரியர்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தேன். ஆனால் எல்லாரையும் சந்தேகப்பட்ட அந்தக் காலையில், எங்கள் கொல்லையில் பொய் சொன்ன ஒரே ஆள், தீனியைப் பற்றிக் கேட்டதற்கு "இல்லையே" என்ற நான்தான் என்பது உடனே நினைவுக்கு வந்துவிடுகிறது. சந்தேகக் கண்ணோடு பார்க்கிறவனிடம் உண்மையைக் கொண்டுவந்து கொடுக்க யாருக்கும் மனசு வராது என்பதும் புரிகிறது. "பாத்துட்டே நின்னா போடாதுங்க" என்ற குரலைக் கேட்டதுபோல, முறைத்துப் பார்ப்பதை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுகிறேன்.