மூன்று தண்ணீர் அலசிய புழு

தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். அந்த வருடம் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். தண்ணீரில் வாழும் பூச்சி, புழுக்களைப் பார்த்தே அது நல்ல தண்ணீரா, கெட்ட தண்ணீரா என்று சொல்லிவிடலாமாம். அடடா, எனக்கு ஒரே குஷி! மழை விட்டு, பள்ளிக்குப் பின்னால் கால்வாயில் தண்ணீர் ஓட ஆரம்பித்ததுமே, ஒன்பதாம் வகுப்புப் பெண்களை டீ வடிகட்டியும் வெள்ளைத் தட்டுமாகக் கிளப்பிவிட்டேன்.

கால்வாய் எங்கள் சுவரை ஒட்டி வந்து, கொஞ்சம் தள்ளி, பட்டு நூலுக்குச் சாயம் போடும் ஒரு பட்டறையைத் தாண்டிப் போகும். பட்டறை ஓரமாகச் சேற்றை அள்ளி வடிகட்டினோம். தட்டு முழுக்க நெளியும் புழுக்கள், அத்தனையும் அரக்குச் சிவப்பு!

"ஐயோ பாருங்கடி, புழுவுக்கே சாயம் ஏறிப்போச்சு!" என்று கத்தினேன். சிவப்புப் புழு இருந்தால் தண்ணீர் கெட்டது என்று முகாமில் சொன்னது ஞாபகம் இருந்தது. ஏன் சிவப்பு என்று சொன்னதுதான் மறந்துவிட்டது.

புழுத் தட்டோடு வகுப்புக்கு வந்ததும் சுடச்சுட நகராட்சிக்கு மனு எழுதினேன், அந்தப் பட்டறையை மூடச் சொல்லி. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் பேனாவைத் தொடவில்லை. அது அவள் அப்பாவின் பட்டறையாம். அந்த வீட்டுக்கே அதுதான் சோறு. தெரிந்த பிறகாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். "அப்பா செய்தால் தப்பு தப்பில்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. எழுந்து நின்றாள்.

"மூணு தண்ணி அலசிப் பாக்காம, சாயம் போவுது போவலைன்னு எங்கப்பா எந்த நூலையும் சொல்ல மாட்டாரு டீச்சர். இதையும் அலசிப் பாக்கலாமா?"

"புழுவை அலசப் போறாளாம்டி!" என்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சோதனை செய்கிறேன் என்கிறவளை அறிவியல் டீச்சர் எப்படித் தடுப்பது?

மூன்று டம்ளர்களில் நல்ல தண்ணீர் வைத்து, நாலு புழுக்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி விட்டாள். மூன்றாவது டம்ளரிலும் தண்ணீர் பளிங்காக இருந்தது. புழுக்கள் அதே அரக்கில் குதியாட்டம் போட்டன.

"சாயம் போவலை டீச்சர். இதுங்க பொறவியே செவப்பு."

ஓடிப்போய் முகாம் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு புழுவின் சொந்த ரத்தம். சாக்கடை கலந்து, காற்று குறைந்த தண்ணீரில் பெருகும் ஜாதி.

"அப்போ சாக்கடை எங்கேந்து வந்துக்கினு இருக்குது டீச்சர்?" என்றாள் இன்னொருத்தி.

அவ்வளவுதான், மொத்த வகுப்பும் எழுந்து ஓடியது! பட்டறையிலிருந்து நீரோட்டத்துக்கு எதிராக, பத்தடிக்கு ஒரு தட்டு. புழு, புழு, மறுபடியும் புழு. பள்ளிச் சுவரின் மூலையைத் தாண்டியதும் ஒன்றுகூட இல்லை! நல்ல தண்ணீரில் வாழும் தட்டான் குஞ்சுகளும் மூன்று வால் கொண்ட பூச்சிகளும்தான் தட்டில் துள்ளின. திரும்பி வந்து சுவரோரம் தேடினால், அடியில் ஒரு விரிசல். கறுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது.

"ஐயே, நம்ம ஸ்கூல் பாத்ரூம் டீச்சர்!"

சாயத் தண்ணீரை நான் அமுதம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புழுக்கள் எங்கள் வளர்ப்புதான். மனுவைக் கிழித்துப் போட்டு, எல்லார் முன்னாலும் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். புது மனு எங்கள் தலைமை ஆசிரியைக்கே. முணுமுணுத்துக்கொண்டுதான் அவர் கொத்தனாரைக் கூப்பிட்டார். அந்த மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது, மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

இன்றைக்கும் யாரையாவது பார்த்த மாத்திரத்தில் குற்றம் சொல்ல நாக்கு துறுதுறுத்தால், மூன்று டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டு அவள் என் முன்னால் வந்து நின்றுவிடுகிறாள்.